நுண்கலை மன்றத்துக்கு விதிகள் எழுத உட்காரும் செயலருக்கு

பல ஆண்டுகளாக முடங்கிக் கிடந்த நுண்கலை மன்றத்தை உங்கள் பல்கலைக்கழகத்தில் மீண்டும் தொடங்குகிறீர்கள். உங்களைச் செயலராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விதிமுறைகளை எழுதிக் கொடுத்தால்தான் பணம் ஒதுக்க முடியும் என்று மாணவர் நல டீன் சொல்லிவிட்டார். கிடைக்கும் மாதிரிகள் எல்லாம் சங்கப் பதிவு ஆவணங்களைப் போல இருக்கின்றன, ஒரு மாணவர் மன்றத்துக்கு உண்மையில் என்ன விதிகள் தேவை என்று கேட்டிருக்கிறீர்கள்.

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் 16 ஆண்டுகள் நுண்கலை மன்றத்தின் பொறுப்பாசிரியராக இருந்தேன். இரண்டு முறை விதிகள் எழுதினோம். முதல் முறை 14 பக்கம். பதிவு பெற்ற சங்கம் ஒன்றின் துணைவிதிகளைப் பார்த்து எழுதியது. நோக்கங்கள், பொதுக்குழு, செயற்குழு, சிறப்புப் பொதுக்குழு, கலைப்பு என்று எல்லாம் அதில் இருந்தன. கரகம் யார் வீட்டில் இருக்கிறது என்பதற்கு மட்டும் அதில் விடை இல்லை. அந்த ஆண்டு கலைவிழாவுக்கு முதல் நாள் இரவு எங்களுக்குத் தேவைப்பட்ட விடை அது ஒன்றுதான். இரண்டாம் முறை மூன்று பக்கத்தில் முடித்தோம். அந்த மூன்று பக்கம் பல ஆண்டுகள் உழைத்தது.

பதிவு பெற்ற சங்கத்தில் உறுப்பினர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் இருப்பார்கள். எழுதாததையும் நினைவு வைத்திருப்பார்கள். உங்கள் மன்றத்தில் இளங்கலை மாணவர் மூன்று ஆண்டு, முதுகலை மாணவர் இரண்டே ஆண்டு. முதலாண்டில் வேடிக்கை பார்ப்பவர் இரண்டாமாண்டில் வேலை கற்று, மூன்றாமாண்டில் பொறுப்பேற்று, ஏப்ரலில் போய்விடுவார். இந்த ஆண்டு நீங்கள் பட்டுத் தெரிந்துகொள்வதை உங்களுக்குப் பின் வருகிறவர் மறுபடியும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு விதியையும் எழுதும்போது, உங்களைப் பார்த்தே இராத ஒரு முதலாண்டு மாணவி அதைப் படித்துவிட்டு வேலை பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாதென்றால் திருப்பி எழுதுங்கள்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். மன்றங்கள் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

எங்கள் மன்றத்தில் ஒரு பொருளாளர் இருந்தார், வேதியியல் மூன்றாமாண்டு. கலைவிழாவுக்கு மைக் செட்காரர் முன்பணம் கேட்டார். கல்லூரி அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை. அந்தப் பையன் தன் அம்மாவிடம் கேட்டு, அவர் வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணத்தில் முன்பணம் கட்டினான். விழா நன்றாக நடந்தது. ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை என்று தணிக்கையில் ஆட்சேபம் வந்தது. எட்டு மாதம் கழித்து, அவன் படிப்பை முடித்துப் போன பிறகுதான் பணம் வந்தது. அந்த எட்டு மாதமும் வட்டி கட்டியது அவன் அம்மா. எனக்கு இது தெரிய வந்ததே கடைசியில்தான். அதன் பிறகு நாங்கள் எழுதிய முதல் விதி இது: “மன்றச் செலவுக்காக எந்த மாணவரும் தன் சொந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது. முன்பணம் கைக்கு வராத நிகழ்ச்சி நடத்தப்படாது.”

இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கும் துணிவு விதியிலிருந்து வர வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகள் அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே என்று பயந்து கையிலிருப்பதைக் கொட்டிவிடுவார்கள். விதி இருந்தால், தேதிக்கு 15 நாள் முன்பாக முன்பணம் வராதபோது செயலர் டீனிடம் போய், விதிப்படி நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கிறோம் என்று சொல்லலாம். ஒரே ஒரு முறை அப்படிச் சொன்னோம். மூன்றே நாளில் கோப்பு நகர்ந்தது.

இப்போதைய இன்னொரு சிக்கல் கைபேசிப் பணப் பரிமாற்றம். நிகழ்ச்சிக்கு வசூல் என்றவுடன் யாரோ ஒருவர் தன் க்யூ.ஆர். குறியீட்டைக் குழுவில் போட்டுவிடுகிறார். நூறு பேர் பணம் போடுகிறார்கள். அவர் யோக்கியராகவே இருந்தாலும், தன் வீட்டுச் செலவும் மன்றப் பணமும் ஒரே கணக்கில் கலந்த பிறகு யாருக்கும் அவர் கணக்குக் காட்ட முடியாது. சந்தேகம் ஒரு நல்ல பிள்ளையின் பெயரைக் கெடுத்துவிடும். ஆகவே, மன்றத்துக்கான பணம் எதுவும் எந்தத் தனிநபரின் வங்கிக் கணக்குக்கும் வரக் கூடாது என்று எழுதிவிடுங்கள். ஆசிரியரின் கணக்கும் இதில் அடங்கும். நன்கொடைக் காசோலை பல்கலைக்கழகத்தின் பெயரில் மட்டுமே. உறுப்பினரிடம் கட்டாய வசூல் இல்லை. கல்விக் கட்டணத்தோடு மன்றத்துக்கான தொகையை நிர்வாகம் ஏற்கெனவே வாங்குகிறதா என்று கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். வாங்கினால், அந்தத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை.

மற்றவை சுருக்கமாக: ரொக்கப் புத்தகம் ஒன்று, ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர், பொருளாளரும் பொறுப்பாசிரியரும் சேர்ந்து கையெழுத்து, நிகழ்ச்சி முடிந்த 15 நாளுக்குள் வரவு செலவு அறிவிப்புப் பலகையில். பலகையில் ஒட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கணக்கைப் படிப்பவர்கள் நான்கு பேர்தான். அந்த நான்கு பேர் படிப்பார்கள் என்பது தெரிந்தால் கணக்கு ஒழுங்காக இருக்கும். நன்கொடை வாங்குவதில் எங்களுக்கு ஒரு தடை இருந்தது: அரசியல் கட்சி, சாதி அமைப்பு, மது, புகையிலை வணிகம் ஆகியவற்றிடம் வாங்குவதில்லை. இந்த வரி இல்லாமல் மேடைக்குப் பின்னால் யாருடைய படம் தொங்கும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது.

பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி. மாணவர் பேரவைத் தேர்தல்களுக்காக, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு தந்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அவை நுண்கலை மன்றம் போன்ற சிறு அமைப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் சிலவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல். வேட்பாளருக்குக் குறைந்தது 75 சதவீத வருகை. போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. நிர்வாகப் பதவிக்கு ஒருவர் ஒரு முறைதான் போட்டியிடலாம். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டும் நடனமும் நன்றாக வருகிற ஒருவரே மூன்று ஆண்டு செயலராக இருந்தால், அவர் போகும்போது மன்றமும் அவரோடு போய்விடுகிறது.

அரியர் விதியில் மட்டும் நான் கொஞ்சம் தளர்ந்தேன். கிராமத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வந்து, முதல் செமஸ்டரில் ஆங்கிலத் தாளில் தவறிய மாணவர்கள் பலர். பறையும் ஒயிலாட்டமும் கையில் இருந்ததும் அவர்களிடம்தான். அவர்களை வாசலிலேயே நிறுத்தும் விதி நுண்கலை மன்றத்துக்குப் பொருந்தாது. செயலர், பொருளாளர் பதவிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கலைப்பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு அதை நீக்கிவிட்டோம்.

உறுப்பினர் என்பவர் யார்? பல்கலைக்கழகத்தில் படிக்கும் எவரும். வாக்களிப்பவர் யார்? முந்தைய ஆண்டில் குறைந்தது மூன்று மன்ற நிகழ்வுகளில் வேலை செய்தவரோ பங்கேற்றவரோ; கூடவே, மன்றத்தில் பெயர் பதிந்த முதலாண்டு மாணவர்களும். இந்த இரண்டையும் பிரித்து எழுதாவிட்டால், தேர்தல் நாளன்று மட்டும் பஸ் நிறைய வந்து இறங்கும் கூட்டம் மன்றத்தை எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது மேடை. யார் ஆடுவது, யார் பாடுவது, யார் முன்வரிசை என்பதில்தான் பிள்ளைகள் மனம் உடைகிறார்கள். தேர்வு என்று ஒன்று நடக்கும், ஆனால் முடிவு முன்பே தெரிந்திருக்கும். சீனியர் என்பதால் இடம், துறைத் தலைவர் சொன்னதால் இடம், நிறமாக இருப்பதால் இடம். கடைசியாகச் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வரவேற்பு நடனத்துக்குத் தேர்வான ஒரு பெண்ணைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பெண் மறுநாளிலிருந்து வரவில்லை. அந்த ஆண்டு நான் அதைத் தடுத்திருக்க வேண்டும்.

ஆகவே தேர்வுக்கு மூன்று நடுவர்கள் வேண்டும். ஒருவர் மன்றத்துக்கு வெளியே உள்ள ஆசிரியர், ஒருவர் அந்தக் கலை தெரிந்தவர், ஒருவர் அந்த நிகழ்ச்சியில் பங்கேற்காத மாணவர். மதிப்பெண் தாள் எழுத்தில் இருக்க வேண்டும், கேட்பவருக்குக் காட்ட வேண்டும், ஒரு மாதம் பாதுகாக்க வேண்டும். தன் துறை மாணவர் பங்கேற்கும் போட்டிக்கு ஆசிரியர் நடுவராக அமரக் கூடாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் இளைஞர் விழாக்களுக்கு அணி அனுப்பும் எண்ணம் இருந்தால், அங்குள்ள வரம்புகளையே உங்கள் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: ஓரங்க நாடகம் 30 நிமிடம், குறுநாடகம் 10 நிமிடம், மௌன நாடகம் 5 நிமிடம், நாட்டுப்புற நடனத்துக்கு 10 பேர். 45 நிமிட நாடகத்தைப் பயிற்சி செய்துவிட்டுக் கடைசி வாரத்தில் வெட்டுவது நடிப்பவர்களுக்குச் செய்யும் கொடுமை.

ஒத்திகை நேரத்துக்கு எங்கள் விதி ஒரே வரிதான்: “குழுவில் மிகத் தொலைவிலிருந்து வருபவரின் கடைசிப் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்பாக ஒத்திகை முடியும்.” இந்த வரிக்கு முன்பு, விடுதி மாணவர்களும் நகரத்து மாணவர்களும் மட்டுமே முக்கிய வேடங்களில் இருந்தார்கள். கிராமத்துப் பெண்கள் ஏழு மணிப் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள், ‘ஒத்திகைக்கு ஒழுங்காக வருவதில்லை’ என்று அவர்களைக் கழித்துவிடுவார்கள். பஸ் நேரத்தை விதிக்குள் கொண்டுவந்த அடுத்த ஆண்டு, எங்கள் நாடகத்தின் நாயகி 28 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தவர்.

முதலாண்டு மாணவர்களை ‘திறமை காட்டு’ என்று நிறுத்திவைத்துப் பாடவும் ஆடவும் சொல்வது பல மன்றங்களில் வழக்கம். அது கலை ஆர்வத்தைத் தேடுவது ஆகாது. விருப்பமில்லாதவரைக் கூச்சப்படும்படி எதையும் செய்யவைப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதலே இதற்குத் தனிச் சட்டம் உண்டு. பெயர் கொடுத்தவரை மட்டுமே மேடைக்கு அழைக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நுண்கலை மன்றத்தில் பறை கற்றுக்கொடுக்க ஒரு ஆசானை அழைக்கிறீர்கள். கரகத்துக்கும் தேவராட்டத்துக்கும் ஊரிலிருந்து கலைஞர்களை வரவழைக்கிறீர்கள். சிறப்பு விருந்தினராக வரும் திரைப்படப் பாடகருக்குக் காரும் விடுதி அறையும் பொன்னாடையும் ஏற்பாடாகின்றன. பறை ஆசானை விழா முடிந்த பிறகு அலுவலக வாசலில் நிற்கவைக்கிறார்கள், ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்கிறார்கள். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் கட்டணம் கொடுத்து மறுபடி வர வேண்டும். இதை அனுமதிக்கும் மன்றம் கலையை வளர்க்கிறது என்று சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் விதி: வரும் கலைஞர் யாராக இருந்தாலும் சம்பளம் முன்கூட்டியே பேசி எழுதப்படும், நிகழ்ச்சி நாளன்றே முழுமையாகத் தரப்படும், மேடையில் பெயர் சொல்லி அறிமுகம் செய்யப்படும், எல்லோரோடும் ஒரே பந்தியில் சாப்பாடு. எந்தக் கலையையும் எந்தச் சாதியின் வேலையாகவும் கருதிப் பயிற்சியை மறுக்கவோ கட்டாயப்படுத்தவோ கூடாது என்றும் சேர்த்தோம். ‘உனக்குத்தான் அது வருமே’ என்று ஒரு மாணவனின் கையில் பறையைத் திணித்ததை நாங்கள் கண்ட பிறகு எழுதிய வரி அது.

ஊர்க்கலைஞரை ஆசானாக மதித்து அழைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சொல்வேன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அங்கே மாணவர்களை வைத்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகிய கூத்துகளைத் தயாரித்தபோது, மட்டக்களப்பின் அண்ணாவிமாரை, அதாவது ஊரில் கூத்துப் பழக்கும் ஆசான்களைக் கொண்டு ஆட்டம் பழக்கினார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கினார்கள், ஆட்டத்தையும் பாட்டையும் விடவில்லை. இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. பின்னாளில் அவரே கூத்தை ஆய்வு செய்து பேராசிரியரானார், அதே இராவணேசனைத் தன் மாணவர்களை வைத்து மறுபடியும் மேடையேற்றினார். அந்தப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘இளங்கதிர்’ ஆண்டுமலர்கள் இருப்பதால், அன்றைய மாணவர்கள் என்ன எழுதினார்கள், என்ன யோசித்தார்கள் என்பதை இன்றும் படிக்க முடிகிறது. நம் மன்றங்கள் பலவற்றில் ஐந்து ஆண்டுக்கு முந்தைய கலைவிழாவின் நிகழ்ச்சி நிரல்கூட இருப்பதில்லை.

நாடகப் பிரதியை யார் பார்ப்பது என்ற விதியைக் கவனமாக எழுதுங்கள். அது இல்லாத இடத்தில் விழா நாளன்று யாரோ ஒருவர் மைக்கை அணைக்கச் சொல்வார். நிகழ்ச்சிக்கு 10 நாள் முன்பு பிரதியைப் பொறுப்பாசிரியரும் இரண்டு மாணவர்களும் படிக்கட்டும். எந்தக் காரணங்களுக்காக மாற்றம் கேட்கலாம் என்பதை வரையறுத்துவிடுங்கள்: சாதி, மத இழிவு, பெண்களையும் உடல் குறைபாட்டையும் கேலி செய்வது, அடையாளம் தெரியும்படி ஒரு தனிநபரைத் தாக்குவது. ‘நிர்வாகத்துக்குப் பிடிக்காதது’ என்று ஒரு காரணம் அந்தப் பட்டியலில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் தர வேண்டும், எழுதியவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், டீனிடம் மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று அறிவித்தது. அரசே விட வேண்டியிருந்த வழக்கத்தை மன்றத்துக்குள் நாம் வளர்க்க வேண்டாம்.

சட்டம் தொடர்பான வேறு சில குறிப்புகள். ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஆகவே கடைசி நிகழ்ச்சியை 9.30க்கு முடிப்பதாகத் திட்டமிடுங்கள். பிறர் எழுதிய பாடலையும் நாடகத்தையும் ஆசிரியரும் மாணவரும் கல்வி நிறுவனச் செயல்பாடாக நிகழ்த்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் பார்வையாளர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், அந்தச் செயல்பாட்டோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். டிக்கெட் போட்டு ஊரை அழைத்தாலோ, பதிவு செய்து யூடியூபில் ஏற்றினாலோ அந்த விலக்கை நம்பக் கூடாது, உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

பாலியல் தொல்லை குறித்த புகார் வந்தால் மன்றம் அதைத் தனக்குள் ‘பேசித் தீர்க்க’ முயலக் கூடாது என்பதை விதியாகவே எழுதுங்கள். ஒத்திகை, ஆடை மாற்றும் அறை, வெளியூர்ப் பயணம் என்று மன்றத்தின் வேலை அப்படிப்பட்டது. மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களின் பெயரும் தொடர்பு எண்ணும் மன்ற அறையின் சுவரில் இருக்கட்டும். வெளியூர் செல்லும் அணியில் மாணவியர் இருந்தால் ஆசிரியை ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

மன்றத்தின் மேல் மற்ற ஆசிரியர்களுக்குக் கோபம் வருவது பெரும்பாலும் ஆன் டியூட்டி பட்டியலால்தான், அதாவது மன்ற வேலைக்காக வகுப்பிலிருந்து விலக்குக் கேட்டுக் கொடுக்கும் பெயர்ப் பட்டியலால். 20 பேர் ஆடிய நடனத்துக்கு 60 பேர் வகுப்புக்கு வராமல் இருந்தால், எந்த ஆசிரியருக்கும் கோபம் வரும். பட்டியலை நிகழ்ச்சிக்கு முன்பே கொடுங்கள், ஒத்திகைப் பதிவேட்டில் கையெழுத்து உள்ளவரை மட்டும் சேருங்கள், ஒரு செமஸ்டருக்கு ஒருவருக்கு இத்தனை நாள் என்று உச்சவரம்பு வையுங்கள். நாங்கள் 8 நாள் வைத்தோம். ஆய்வக வகுப்புகளுக்கு விலக்குக் கேட்பதே இல்லை என்றும் முடிவு செய்தோம். இரண்டு ஆண்டுகளில் இயற்பியல் துறையே எங்களுக்கு நடுவர்களை அனுப்பத் தொடங்கியது.

கடைசியாக, பொறுப்பு ஒப்படைப்பு. இதை ஏப்ரலுக்கு விடாதீர்கள். தேர்வும் பிரிவுபசாரமும் சேர்ந்து வரும் மாதத்தில் யாரும் எதையும் ஒப்படைக்க மாட்டார்கள். பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, விதியில் எழுதிவிடுங்கள். அடுத்த தேர்தல் ஜூலையிலோ ஆகஸ்டிலோதான் வரும். அதுவரை இரண்டாமாண்டைச் சேர்ந்த இணைச்செயலர் பொறுப்பை வைத்திருக்கட்டும். அவரே தானாக அடுத்த செயலராகிவிடுவார் என்று மட்டும் எழுத வேண்டாம், அவரும் தேர்தலில் நின்று வரட்டும்.

அன்று ஒப்படைக்க வேண்டியவை: ரொக்கப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும், பொருள் பதிவேடு, பெட்டிகளின் சாவி, மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல், கையால் எழுதிய ஒரு நோட்டு. பொருள் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும். சலங்கை எத்தனை ஜோடி, அதில் மணி உதிர்ந்தவை எத்தனை, பறை எத்தனை, எதன் தோல் கிழிந்திருக்கிறது, கரகம் யாரிடம். நோட்டில் அந்த ஆண்டு கற்றதைச் செயலர் தன் கையால் எழுத வேண்டும், குறைந்தது நான்கு பக்கம். எந்த ஆடை வாடகைக் கடை சொன்ன நாளில் தரும், எது தராது. அரங்கின் இடதுபக்க மைக்கில் ஏன் இரைச்சல் வருகிறது. ஜெனரேட்டருக்கு டீசல் யார் போடுவது. எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் நிற்கும்.

எங்கள் நோட்டில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: “டிசம்பரில் கலைவிழா வைக்க வேண்டாம். மழை.” அதற்கு முன் மூன்று முறை டிசம்பரில் வைத்துப் பந்தல் நனைந்திருக்கிறோம். அதற்குப் பிறகு வைக்கவில்லை. உங்கள் மூன்று பக்க விதியை டீனிடம் கொடுக்கும்போது, வெற்று நோட்டு ஒன்றும் வாங்கி, முதல் பக்கத்தில் தேதி போட்டு வைத்துவிடுங்கள்.